அந்த அரை மணி நேரம்



ஊழியத்துக்கென்று படித்து இன்று பட்டம் பெறும் தம்பி தங்கைகளே, இதுவரை உங்கள் நாளை நடத்தியது மணி. எழும்ப ஒரு மணி, சிற்றாலயத்துக்கு ஒரு மணி, வகுப்புக்கு, மெஸ்ஸுக்கு, ராத்திரி படிப்புக்கு என்று ஆளுக்கு முன்னால் மணி ஓடியது. காலை ஆராதனையில் பாட்டுப் புத்தகத்துக்குள் கிரேக்க வினைச்சொல் அட்டவணையை ஒளித்து வைத்துப் படித்தவர்களும் இங்கே இருப்பீர்கள். சிரிக்கிறீர்கள். அப்படியானால் இருக்கிறீர்கள். சேகரத்துக்குப் போன பிறகு கோயில்பிள்ளை அடிக்கிற மணி சபைக்கு. உங்கள் நாளை நடத்த அங்கே காத்திருப்பது செல்போன்.

போனைத் திட்டிப் பிரசங்கம் செய்வது சுலபம். கிணற்றில் போடு என்று முழங்குகிற கன்வென்ஷன் கூட்டங்களுக்கு நீங்களும் போயிருப்பீர்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மகனை அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, ரத்தம் கொடுக்க ஆள் கிடைக்குமா ஐயா என்று ராத்திரி பதினொரு மணிக்கு ஒரு தாய் கூப்பிடுவது அந்தப் போனில்தான். அதே நேரத்தில் கமிட்டியின் வாட்ஸ்அப் குழுவில், அசனப் பண்டிகை நோட்டீஸில் யார் பெயர் முதலில் வர வேண்டும் என்ற சண்டை நடந்துகொண்டிருக்கும். போனுக்கு இரண்டும் ஒன்றுதான். ஒரே சத்தம்தான் போடும். பிரித்துப் பார்க்க வேண்டியவர் நீங்கள்.

மாற்கு சுவிசேஷத்தில் இரண்டு இடங்களை அடுத்தடுத்து வாசித்துப் பாருங்கள். முதல் அதிகாரத்தில் இயேசு இருட்டோடே எழுந்து, ஆள் இல்லாத இடத்தில் ஜெபித்துக்கொண்டிருக்கிறார். சீமோனும் கூட இருந்தவர்களும் தேடிக்கொண்டு வந்து, எல்லாரும் உம்மைத்தான் கேட்கிறார்கள் என்கிறார்கள். முந்தின சாயங்காலம் வாசலில் கூடிய ஜனங்கள். நியாயமான தேவைதான். அவரோ அடுத்த ஊர்களுக்குப் போவோம் என்று புறப்பட்டுவிடுகிறார். ஐந்தாம் அதிகாரத்தில் யவீருவின் மகள் சாகக் கிடக்கிறாள். அவசரமாகப் போகிற வழியில் ஒரு பெண் பின்னால் வந்து வஸ்திரத்தைத் தொடுகிறாள். 12 வருஷத்து வியாதி. இன்னும் ஒரு மணி நேரம் பொறுத்தால் குடிமுழுகிப் போகாது, சிறுமிக்கோ பொழுதில்லை. ஆனாலும் நின்றுவிடுகிறார். அவள் தன் கதை முழுவதையும் சொல்லி முடிக்கிறவரை நிற்கிறார். நாம் அந்த இடத்தில் இருந்திருந்தால் இரண்டு தடவையும் நேர்மாறாகத்தான் செய்திருப்போம். எதற்கு நிற்பது, எதைக் கடந்து போவது என்ற தெளிவு அவருக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டால், விடியுமுன் ஜெபித்த அந்த இடத்தைத்தான் என்னால் காட்ட முடியும்.

இந்தப் பழக்கத்தை ஒரு கல்லூரியின் அன்றாடத்துக்குள் கொண்டுவரப் பார்த்தவர் ஜெர்மானியப் போதகர் டீட்ரிச் போன்ஹோஃபர். காந்தியடிகளோடு ஆசிரமத்தில் தங்கிக் கற்க வேண்டும் என்ற ஆசை அவருக்கு இருந்தது. 1934 நவம்பரில் காந்தி வரச் சொல்லிக் கடிதமும் எழுதினார். அந்தப் பயணம் நடக்கவில்லை. ஹிட்லருக்கு வளைந்துகொடுக்காத திருச்சபையினர், தங்கள் இளம் போதகர்களைப் பயிற்றுவிக்க அவரை அழைத்தார்கள். 1935இல் பால்டிக் கடலோரத்தில் தொடங்கி, சில வாரங்களில் ஃபிங்கன்வால்டே என்ற ஊருக்கு மாறியது அந்தப் பயிற்சிக் கல்லூரி. இன்று அந்த இடம் போலந்தில் இருக்கிறது. போன்ஹோஃபருக்கு அப்போது வயது 29.

அங்கே தினமும் காலையில் அரை மணி நேரம் மௌன தியானம். ஒரு வாரம் முழுக்க ஒரே வேதபகுதி. விளக்கவுரை நூல்கள் கூடாது, பிரசங்கத்துக்குக் குறிப்பும் எடுக்கக் கூடாது. மாணவர்களுக்கு அது வேப்பங்காயாக இருந்தது. சிலர் தூங்கினார்கள், சிலர் பைப் புகைத்தார்கள், சிலருக்கு மனது ஊர் சுற்றியது. மனம் அலைவதற்கு அவர் சொன்ன வழி எனக்கு மிகவும் பிடித்தது. எண்ணம் ஓர் ஆள் பக்கம் ஓடினால் அதை இழுத்துப் பிடித்து மல்லுக்கட்டாதே, அந்த ஆளுக்காகவே அங்கே ஜெபித்துவிடு என்றார். நாளைக்கு நீங்கள் தியானத்தில் உட்கார்ந்ததும், ஆலயக் கணக்கில் உங்களோடு தகராறு செய்த பொருளாளரின் முகம்தான் முதலில் வரும். வரட்டும். அவர் வீட்டில் கல்யாணத்துக்குக் காத்திருக்கிற மகளையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள். ரீல்ஸ் நினைவு வந்தால் இந்தச் சலுகை கிடையாது.

தொடக்க நாட்களில் ஒரு சம்பவம். பாத்திரம் கழுவ ஆள் வேண்டும் என்று சமையற்கட்டிலிருந்து கேட்டார்கள். மேசையில் ஒருவரும் அசையவில்லை. போன்ஹோஃபர் ஒரு வார்த்தையும் பேசாமல் எழுந்து உள்ளே போனார். வெட்கப்பட்டுப் பின்னால் ஓடிய மாணவர்களை உள்ளே விடவில்லை. ஆக, எழுத வேண்டிய புத்தகமும் நடத்த வேண்டிய பாடமும் கையில் இருந்த ஒரு மனிதருக்கு எச்சில் தட்டுகள் இடைஞ்சலாகத் தெரியவில்லை. காலை அரை மணியை யாருக்கும் விட்டுக்கொடுக்காதவரும் இவர்தான்.

1937 செப்டம்பர் கடைசியில் ஹிட்லரின் ரகசியப் போலீஸான கெஸ்டபோ அந்தக் கல்லூரியைப் பூட்டியது. சீஷத்துவம் பற்றிய அவருடைய நூல் வெளிவந்ததும் அதே ஆண்டில்தான். அதன் பாடங்களை முதலில் கேட்டவர்கள் உங்களைப் போன்ற மாணவர்கள். கல்லூரி போன பிறகும் அவர் சுற்றுக் கடிதம் எழுதினார். போர்முனையில் துப்பாக்கியோடு நின்றவர்களுக்கும் எழுதினார். தியானத்தை விட்டுவிடாதே என்று அங்கேயும் கேட்டுக்கொண்டார். அதைவிட இரைச்சலான இடமாக எந்தச் சேகரமும் இருந்துவிடாது என்று நம்புகிறேன். கமிட்டி கூடுகிற நாளைத் தவிர.

ஆகவே தம்பி தங்கைகளே, புது இடத்தில் பெட்டியைப் பிரித்ததும் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. கோயில்பிள்ளையையும் வீட்டில் உள்ளவர்களையும் கூப்பிட்டு, காலையில் எந்த அரை மணி நேரம் நீங்கள் வெளியே வரமாட்டீர்கள் என்று முதல் வாரத்திலேயே சொல்லிவிடுங்கள். போனை அடுத்த அறையில், வீட்டார் கையில் கொடுத்துவிடுங்கள். சாவுச் செய்தி என்றாலோ, ஆஸ்பத்திரி என்றாலோ கதவைத் தட்டச் சொல்லுங்கள். தட்டினால், வாசித்துக்கொண்டிருந்த வசனம் பாதியில் நின்றாலும் சரி, செருப்பைப் போட்டுக்கொண்டு புறப்படுங்கள். நோட்டீஸ் விவகாரம் என்றால் காபி குடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லச் சொல்லுங்கள்.