ஹாஸ்டல் வழியில ஒரு இரும்புப் பெட்டி

போன வாரம் நான் படிச்ச கிண்டி பொறியியல் கல்லூரிக்குப் போயிருந்தேன். 1794-ல சர்வே பள்ளியா ஆரம்பிச்சது, 1920-ல கிண்டிக்கு வந்தது, இதெல்லாம் தெரிஞ்ச கதை. எல்லாரும் அந்தச் சிவப்புக் கட்டடத்தைத்தான் போட்டோ எடுப்பாங்க. நான் தேடிப் போனது ஹாஸ்டல் போற வழியில, மரத்தடியில நிக்கிற இடுப்பளவு இரும்புப் பெட்டியை.

நாலு வருஷமும் அது மேல பையை வச்சிருக்கேன், டீ கிளாஸ் வச்சிருக்கேன். என்னன்னு கேட்டதில்லை. லைன்மேன்கள் அதைப் 'பில்லர்'னு சொல்வாங்க. டெலிபோன் எக்சேஞ்சிலிருந்து வர்ற பெரிய கேபிள் அதுக்குள்ள பிரிஞ்சு, ஒவ்வொரு கட்டடத்து டி.பி. பாக்ஸுக்கும் போகும். அங்கேயிருந்து போன் வரைக்கும் ரெண்டே ரெண்டு செம்புக் கம்பி.

2015 டிசம்பர் வெள்ளம். நான் ரெண்டாவது வருஷம். அடையாறு கரை தாண்டிடுச்சு, கரண்ட் போச்சு, அப்புறம் செல் டவர்கள் ஒவ்வொன்னா படுத்துச்சு. டவர்ல பேட்டரி கொஞ்ச நேரம்தான் தாங்கும். அதுக்கப்புறம் ஜெனரேட்டர். டீசல் கொண்டுவர ரோடு வேணுமே!

தா.பழூர்ல அம்மா டி.வி. முன்னாடியே உட்கார்ந்திருந்தாங்களாம். ஹாஸ்டல் ஆபீஸ்ல தூசி படிஞ்ச போன் ஒண்ணு. "எடுத்துப் பாரு தம்பி"ன்னார் வாட்ச்மேன் அண்ணன். தூக்கினா டயல் டோன்! கட்டடத்துல ஒரு பல்பு எரியல.

விஷயம் சிம்பிள். லேண்ட்லைனுக்கு நம்ம கரண்ட் வேண்டாம். எக்சேஞ்சில இருக்கிற 48 வோல்ட் பேட்டரி, அந்த ரெண்டு கம்பி வழியாவே போனுக்கும் கரண்ட் அனுப்பும். எக்சேஞ்ச் மூழ்கக் கூடாது, பில்லருக்குள்ள தண்ணி ஏறக் கூடாது. எங்க பில்லர் கொஞ்சம் மேட்டுல இருந்தது.

அடுத்த சிக்கல், அம்மா நம்பர் எனக்கு மனப்பாடம் இல்லை. அது சார்ஜ் போன மொபைலுக்குள்ள இருக்கு. (கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிற பையன்!) சின்ன வயசுலேருந்து தெரிஞ்ச ஒரே நம்பர், பக்கத்து மளிகைக்கடை லேண்ட்லைன். 04331-ல ஆரம்பிக்கும். கடைக்கார மாமா எடுத்தார். "இருப்பா, வச்சிடாத"ன்னு ரிசீவரை மேஜை மேல போட்டுட்டு ஓடினார். தராசுத் தட்டு சத்தம், பஸ் ஹாரன். அப்புறம் அம்மா. "சாப்பிட்டியா?" அதுக்கு மேல ரெண்டு பேராலயும் பேச முடியல.

இப்போ பில்லர் கதவு துருப்பிடிச்சு நிக்குது, மேல ஒரு போஸ்டர். எங்கேயும் ஃபைபர் வந்தாச்சு. அதனாலதான் எனக்குச் சம்பளமே வருது, குறை சொல்ல மாட்டேன். ஆனா கண்ணாடி இழையில கரண்ட் போகாது. வீட்ல கரண்ட் போனா மோடம் ஆஃப், பேட்டரி பேக்கப் வச்சிருந்தா தப்பிக்கலாம்.

மளிகைக்கடை நம்பரை நேத்து டயல் பண்ணிப் பார்த்தேன். உபயோகத்தில் இல்லையாம். அம்மா செல் நம்பரை இப்போ மனப்பாடம் பண்ணிட்டேன்.

உங்க காலேஜ்லயும் பில்லர், டி.பி. பாக்ஸ், தபால் பெட்டி ஏதாவது நிக்கும். போட்டோ எடுத்து அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல பேசலாம்.