இரண்டு வழிநடைகள்
(ஆண்டு விழாச் சொற்பொழிவின் சுருக்கம்)



இலக்கியத்திலே வரும் பயணங்களைப் பற்றிச் சில வார்த்தை பேசுமாறு பணித்திருக்கிறீர்கள். புலவன் தன் கதைமாந்தரை ஊர்விட்டு ஊர் நடத்தும்போது வெளியே கால் நடக்கிறது. உள்ளே பேதைமை கழிகிறது. இதற்கு நம் இரட்டைக் காப்பியங்களே தக்க சான்று.

சிலப்பதிகாரத்திலே கோவலனும் கண்ணகியும் விடியுமுன் புகாரை விட்டுப் புறப்படுகின்றனர். கண்ணகி செல்வ மனையிலே வளர்ந்தவள், நெடுவழி அறியாதவள். சிறிது தூரம் நடந்ததுமே, மதுரை எங்கே என்று கேட்கிறாள். கோவலன் சிரித்தபடி, அண்மையில்தான் என்று தேற்றுகிறான். அந்தக் கேள்வியிலே ஒரு குழந்தை நெஞ்சம் இருக்கிறது. கவுந்தியடிகள் துணைவர, எயினர் வாழும் பாலையையுங் கடந்து அவர்கள் மதுரையை அடைகின்றனர். மாதரியின் மனையிலே கண்ணகி தன் கையாற் சமைத்துக் கணவனுக்கு உணவிடுகிறாள். அவன் கொலையுண்ட செய்தி வந்ததும் அந்தக் குழந்தை நெஞ்சம் மறைந்துவிடுகிறது. வழி கேட்டவள் பாண்டியன் அவையிலே நீதி கேட்கிறாள்.

கோவலனுக்கும் மாதவிக்கும் பிறந்த மணிமேகலையின் பயணம் வேறுவகை. உறக்கத்திலே தெய்வம் அவளை எடுத்துச்சென்று மணிபல்லவத்திலே வைக்கிறது. அத்தீவு நமது நயினாதீவே என்று கருதும் அறிஞரும் உளர். அறியாத கடற்கரையிலே தனியே விழித்தவள், மதுரையில் வாளுக்கு இரையான தந்தையை நினைந்து அழுகிறாள். அவள் பேதைமை அந்த மணலிலே கழிகிறது. அங்கே தன் பழம்பிறப்பை உணர்கிறாள்; கோமுகிப் பொய்கையிலே அமுதசுரபியைப் பெறுகிறாள். புகாருக்கு மீண்டு பசித்தோர்க்கு உணவிடுகிறாள். அவளால் அரசனின் சிறைக்கோட்டமும் அறக்கோட்டமாகிறது.

ஒருத்தி கையிலே தீ. மற்றவள் கையிலே பாத்திரம். தாங்கொணாத துயரத்தின்பின் மனிதர் முன்னே கிடக்கும் இரு வழிகள் இவை. ஆயினும் கண்ணகியின் தீக்கும் வரம்பு உண்டு. முதியோரையும் குழந்தைகளையும் தீண்டாதே என்று அவள் தீக்கடவுளுக்கு ஆணையிட்டாள். மட்டுவிலிலும் வற்றாப்பளையிலும் கண்ணகை அம்மனாக அவளை வணங்கும் நாம் அந்த ஆணையை மறத்தல் ஆகாது.

நமக்கும் ஒரு வழிநடை உண்டு. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் வீடுவாசலை விட்டு, செம்மணி வழியாக நாவற்குழிப் பாலங் கடந்து தென்மராட்சிக்கு நடந்தனர். உரும்பிராயும் அந்தக் கூட்டத்தில் நடந்தது. “இன்னும் எவ்வளவு தூரம்?” என்று கேட்ட பிள்ளைகளுக்கு, “இந்தா, கிட்டத்தான்” என்று சொன்ன தாய் தந்தையர் இச்சபையிலும் இருக்கக்கூடும். கோவலன் சொன்னதும் அதுவே அன்றோ!

அன்று கேட்ட பிள்ளைகள் இன்று பிள்ளைகளைப் பெற்றவர்கள். பெரியோர்களே, அன்று தூரத்தைக் குறைத்துச் சொன்னது அன்பு. இன்று நடந்ததை நடந்தபடி சொல்லுவதே அன்பு. நீங்கள் மௌனமாயிருந்தால் நாளைய பிள்ளை அரைகுறைச் செய்தியைப் பிறர் வாயிற் கேட்டு, வரம்பில்லாத கோபத்தையோ வெறும் அலட்சியத்தையோ வளர்த்துக்கொள்வான்.

இளைஞர்களே, வீட்டு முதியவரிடம் கேளுங்கள், கேட்டதை எழுதிவையுங்கள். அடுத்த ஆண்டு மலரிலே அந்த இரவைப் பற்றி ஒரு கட்டுரையாவது வரட்டும். யார் தண்ணீர் தந்தார், யார் வீட்டுத் திண்ணையிலே இடந் தந்தார் என்பதையும் தவறாமற் குறியுங்கள். அமுதசுரபி ஏந்திய கைகள் அவை.

போன பேதைமை திரும்பி வராது. அது இருந்த இடத்திலே எதனை வைப்பது என்பது நம் பொறுப்பு.