கழட்ட முடியுமா, கேளுங்க

திங்க்பேடும் மேக்புக் ஏரும் கடையில பக்கத்துல பக்கத்துல இருந்தா, கண்ணு மேக்புக் பக்கம்தான் போகும். அலுமினிய உடம்பு, பளிச்சுனு திரை. 2020-ல எம்1 சிப் வந்த பிறகு விசிறிச் சத்தமும் இல்லை. விசிறியே இல்லையே, அப்புறம் சத்தம் எங்கே!

1992-ல ஐபிஎம் கொண்டுவந்தது திங்க்பேடு. 2005-லருந்து லெனோவோ கையில இருக்கு. கறுப்புப் பெட்டி, கீபோர்டு நடுவுல சிவப்புப் பொட்டு. அழகுப் போட்டின்னா தோத்துடும். ஆனா கவுத்துப் போட்டு, அடிமூடித் திருகாணியைக் கழட்டினா, பல மாடல்கள்ல பேட்டரியையும் எஸ்எஸ்டியையும் நாமே மாத்தலாம். எப்படிக் கழட்டணும்னு லெனோவோவே கையேடு போட்டிருக்கு. மேக்புக் ஏர்ல ராமும் சேமிப்பும் போர்டோட சேர்ந்தது. வாங்கும்போது 8 ஜிபின்னா கடைசிவரை 8 ஜிபிதான்.

அதுக்காக, “திங்க்பேடுன்னாலே ராம் கூட்டலாம் சார்”னு கடைக்காரர் சொன்னா நம்பிடாதீங்க. விலை கூடின எக்ஸ்1 கார்பன்லயும் ராம் ஒட்டினதுதான். மாடல் பேரைச் சொல்லி, ராம் ஸ்லாட் இருக்கான்னு கேட்டுட்டு அட்வான்ஸ் கொடுங்க.