படலை தாண்டாத பயிற்சி

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது நம் முன்னோர் மொழி. எல்லாக் கல்விக்கும் பொருந்தும் இப்பழமொழி, சமூகப்பணிக் கல்விக்கு மிகவும் பொருந்தும். வறுமையாலும் நோயாலும் பிரிவாலும் இடருற்ற குடும்பத்தினர் தம் காலில் தாமே நிற்கும் வண்ணம் முறைப்படி துணைபுரிவதே சமூகப்பணி. தருமம் கொடுப்பது வேறு, இது வேறு. நமது நாட்டில் இதற்கான பயிற்சி 1952ஆம் ஆண்டிலே கொழும்பில் ஆரம்பமாயிற்று. அதன் வழிவந்ததே, 1992ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகம். 2005ஆம் ஆண்டு முதல் அங்கே இத்துறையில் பட்டப்படிப்பும் நடைபெறுகின்றது.

இக்கல்வியின் உயிர்நாடி களப்பயிற்சி ஆகும். மாணவர் ஓர் அலுவலகத்திலோ, வைத்தியசாலையிலோ, பாடசாலையிலோ அமர்த்தப்படுவர். குடும்பங்களை வீடு தேடிச் சென்று காண்பர், கண்டதை எழுதுவர், எழுதியதை மேற்பார்வையாளரோடு இருந்து ஆராய்வர். கடந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டிலே மானிப்பாயில் தமிழ் மூலம் மேனாட்டு வைத்தியம் கற்பித்த டாக்டர் சாமுவேல் கிறீன், நூல்களைத் தமிழாக்கியதோடு அமைந்துவிடவில்லை. தம் மாணாக்கரை நோயாளியின் அருகிலும் நிறுத்தினார். வைத்திய மாணவனுக்கு நோயாளியின் படுக்கை எதுவோ, சமூகப்பணி மாணவருக்கு ஏழையின் முற்றம் அதுவே.

அம்முற்றத்துக்குச் செல்லும் படலை 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலே மூடப்பட்டது. கொவிட்-19 பெருந்தொற்றின் காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டன. மார்ச் 20ஆம் திகதி நாடெங்கும் ஊரடங்குச் சட்டம் பிறந்தது. யாழ்ப்பாண மாவட்டத்தில் அது வேறு பல மாவட்டங்களைக் காட்டிலும் நீண்டு நிலவியது. உயிர்காக்க வேண்டிய அவ்வேளையில் அது தவறென்று நான் கூறவில்லை. ஆயின் அதற்கு நாம் கொடுத்த விலை யாதென அறிதல் வேண்டும். என் பாடசாலையில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்கின்றேன்.

அவ்வாண்டின் தொடக்கத்தில் ஒரு பயிற்சி மாணவி வாரத்தில் இரு நாள்கள் எம்மிடம் வந்துகொண்டிருந்தார். எட்டாம் வகுப்பில் ஒரு சிறுவன் அடிக்கடி வராதிருந்தான். இடாப்பில் நாங்கள் அவனைச் சோம்பேறி என்றே கணித்திருந்தோம். அம்மாணவி மும்முறை அவன் வீடு சென்றார். நண்பகலிலும் அடுப்பு எரியவில்லை. தாய் வெங்காயத் தோட்டத்துக்குச் சைக்கிளிலே கூலிக்குப் போய்விடுவாள்; படுக்கையிற் கிடக்கும் பாட்டியை அச்சிறுவனே பார்த்துக்கொள்வான். அயல்வீட்டு அம்மையார் ஒருவர் காலை வேளைகளில் கிழவியைக் கவனிக்க இசைந்தார். சிறுவன் ஒழுங்காக வகுப்புக்கு வந்தான். மூன்றே முறை முற்றத்தில் நின்றதன் பயன் இது!

பின்னர் ஊரடங்கு வந்தது. மாணவி தம் ஊருக்குச் சென்றுவிட்டார். களப்பயிற்சி தொலைபேசியில் தொடர்ந்தது. வாரந்தோறும் அழைத்தார். தொலைபேசியோ அயலாருடையது, தாய் அவர்கள் விறாந்தையில் நின்று பேசினாள். “ஓம் பிள்ளை, நாங்கள் சுகமாய்த்தான் இருக்கிறம்” என்பதே ஒவ்வொரு வாரமும் கிடைத்த விடை. அயலார் செவிமடுத்திருக்க, பசியென்று எந்தத் தாய் வாய்திறப்பாள்? அவ்விடையே அறிக்கையாயிற்று. குறித்த மணித்தியாலங்கள் நிறைவெய்தின என்று அவ்வறிக்கையிலே கையொப்பமிட்டவன் நானே.

யூலை மாதத்திலே பாடசாலைகள் படிப்படியாகத் திறந்தபோது அச்சிறுவன் வரவில்லை. வகுப்பாசிரியரும் நானும் சென்று பார்த்தோம். வேலியோரம் சாத்தியிருக்கும் சைக்கிள் அங்கில்லை. அரிசிக்காக அதை விற்றுவிட்டார்கள். சைக்கிள் போனதும் தாயின் கூலி போயிற்று. மகன் மேசனுக்குக் கையாளாய்ச் சாந்துச் சட்டி சுமக்கலானான். அவனை மீண்டும் வகுப்பில் இருத்த ஒரு மாதம் பிடித்தது. ஒக்டோபரிலே பாடசாலைகள் மறுபடியும் மூடப்பட, அவன் மறுபடியும் சட்டியைத் தூக்கினான். அதன்பின் அவன் வரவேயில்லை.

நேயர்களே, சைக்கிள் இல்லாத வேலியைத் தொலைபேசி காட்டாது. கண் காட்டியிருக்கும். அம்மாணவியை நான் குறைகூறேன். அவருக்குக் கண்ணை மறைத்துக் காதை மட்டுமே கொடுத்தோம். காதும் சிறிது கற்றது என்பதை மறுத்தலாகாது. மௌனத்தின் பொருளை உணரவும், குரலின் தளர்ச்சியைப் பிடிக்கவும் அக்காலத்து மாணவர் பழகினர். ஆயினும் அது பாதிக் கல்வியே.

இத்துன்பம் நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவிலே சமூகப்பணிக் கல்விக்கு அங்கீகாரம் வழங்கும் மன்றம், விதித்த களப்பயிற்சி நேரத்தில் நூற்றுக்கு 85 பங்கு நிறைந்தாற் போதுமென 2020இல் தளர்த்தியது. பட்டப்படிப்பு மாணவருக்கு 400 மணித்தியாலம் 340 ஆயிற்று. மணித்தியாலத்தைக் குறைக்கலாம், காணாத வீட்டைக் கண்டதாக்க இயலுமோ? நமக்கோ தொற்றுத் தணிந்த பின்னரும் துன்பம் தீரவில்லை. 2022இல் எரிபொருட் தட்டுப்பாடு வந்து, பேருந்துகள் அருகி, பாடசாலைகளும் மூடப்பட்டன.

இனிச் செய்யவேண்டியது என்ன? அக்காலத்திற் பயின்று இன்று உத்தியோகத்தராய் விளங்குவோர் பலர். அவர்களுள் வீடு காணாது தேர்ந்தவர்க்கு, அனுபவமிக்க ஒருவரின் துணையோடு சில மாதங்கள் வீடுவீடாய்ச் செல்லும் வாய்ப்பை அவரவர் அலுவலகங்களே அளித்தல் வேண்டும். இஃது அவமதிப்பன்று, கடன் தீர்த்தல். இன்னொரு தொற்று வருமாயின், மாணவரை அவரவர் சொந்த ஊரிலேயே அமர்த்தலாம். நம் வீடுகளுக்கு முற்றமுண்டு, வேப்பமர நிழலுண்டு. சுகாதாரப் பகுதியினரின் அனுமதியோடு, முகக்கவசம் அணிந்து, எட்ட நின்று உரையாடலாம். தொலைபேசியே கதியென்றாலும், “சுகமா?” என்று கேளாமல், “இன்றைக்கு என்ன சமைத்தீர்கள்? வேலைக்கு எப்படிப் போகிறீர்கள்?” என்று கேட்கக் கற்பிக்கலாம். அப்படி ஒரு கேள்வியை நாம் கற்பித்திருந்தால், அந்தச் சைக்கிளின் கதை ஏப்பிரலிலேயே வெளிவந்திருக்கும்.

என்னைப் போன்ற அதிபர்களுக்கும் ஒரு சொல். பயிற்சி அறிக்கை நம் மேசைக்கு வரும்போது, மணித்தியாலக் கணக்கைப் பார்க்குமுன் ஒன்றைக் கேட்போம்: “பிள்ளை, அந்த வீட்டில் நீர் கண்டது என்ன?” விடை கிடைத்த பின்னர் கையொப்பமிடுவோம்.