கரடிக்கு எட்டாத டப்பா



அமெரிக்காவில், கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலைகளுக்குள் ஒரு நடைபாதை போகிறது. ஜான் மியூர் பாதை என்று பெயர். யோசெமிட்டி பள்ளத்தாக்கிலிருந்து 4,421 மீட்டர் உயர விட்னி சிகரம் வரை, சுமார் 340 கிலோமீட்டர். நடந்து முடிக்கப் பலருக்கு மூன்று வாரம் ஆகிறது.

அனுமதிச்சீட்டுக்கே பல மாதம் முன்னதாகக் குலுக்கலில் பெயர் கொடுக்க வேண்டும். ஆனால் பெரிய கணக்கு சாப்பாடுதான். ஒரு நாளைக்கு முக்கால் கிலோ என்றாலும் மூன்று வாரத்துக்குப் பதினைந்து கிலோவைத் தாண்டும். அதைத் தூக்கிக்கொண்டு கணவாய் ஏற முடியுமா? அதனால் பாதி உணவை வாளியில் அடைத்து முன்கூட்டியே தபாலில் அனுப்பிவிடுகிறார்கள். பாதிவழியில் இருக்கும் ஒரு பண்ணை விடுதி, கட்டணம் வாங்கிக்கொண்டு, அதைப் பத்திரமாக வைத்திருந்து கொடுக்கிறது.

அப்புறம் கரடி. பாதையின் பெரும்பகுதியில், கரடியால் திறக்க முடியாத கெட்டி டப்பாவில்தான் உணவை வைக்க வேண்டும் என்பது விதி. பற்பசை, சோப்பு என்று வாசனையுள்ள எல்லாமே அதற்குள்தான். மனிதச் சாப்பாட்டுக்குப் பழகி, ஆட்களை நெருங்கத் தொடங்கிய கரடிகளைக் கொல்ல நேர்ந்திருக்கிறது. ஆகவே அந்த டப்பா முதலில் கரடியைத்தான் காப்பாற்றுகிறது என்பேன்.

கோடையில் பிற்பகல் இடி மின்னல் வரும். உயரமான கணவாய்களை மதியத்துக்குள் கடந்துவிடுவார்கள்.

பாதையில் பெரும்பாலும் செல்போன் சிக்னல் கிடையாது. நீங்கள் எந்த மலைக்குப் போனாலும், எந்த இரவு எங்கே தங்குவீர்கள், எந்தத் தேதியில் இறங்குவீர்கள் என்று எழுதி, வீட்டில் கொடுத்துவிட்டுப் புறப்படுங்கள்.