இயந்திரத்தில் இழைந்த இராகம்

உடப்புசல்லாவை போன்ற மலையகத் தோட்டங்களிலே காமன் கூத்து நிகழும்போது, தப்பைத் தீயில் வாட்டி, நாதம் தெளிந்த பின்னரே அடிக்கத் தொடங்குவர். அந்தத் தோலும் கையும் இன்றி மின்சாரப் பெட்டியொன்றே தாளம் போடுமானால், அது இசையாகுமா?

பம்பாய்த் திரையிசைக் குழுக்களில் கிற்றார் வாசித்து வந்த சரண்ஜித் சிங், 1982 இல் பத்து இராகங்களை ஓர் இசைத்தட்டாக வெளியிட்டார். பக்கவாத்தியக்காரர் எவருமிலர். ஜப்பானிய ரோலண்ட் நிறுவனத்தின் மூன்று கருவிகளே துணை. டி.ஆர். 808 டிஸ்கோத் தாளம் போட்டது; ஜுப்பிட்டர் 8 இராகம் பாடியது; டி.பி. 303 அடிநாதம் கொடுத்தது. நம் மோகனத்துக்கும் இந்தோளத்துக்கும் உறவான பூபாலியும் மால்கௌன்சும் அதில் உண்டு.

மூன்றாவது கருவியே விந்தையானது. கிற்றார் கலைஞருக்குத் துணையாக அது செய்யப்பட்டது. ஆனால் கிற்றாரைப் போல் ஒலிக்கவில்லை, விற்கவுமில்லை, 1984 இல் உற்பத்தி நின்றது. எனினும் ஒரு சுரத்திலிருந்து மறு சுரத்துக்கு வழுக்கிச் செல்லும் வசதி அதில் இருந்தது. நமது இசையின் உயிர் சுரங்களுக்கு இடைப்பட்ட அவ்வழுக்கலில் அன்றோ இருக்கிறது! சரண்ஜித் சிங் அதைப் பயன்கொண்டார். கமகம் முழுமையாக வந்துவிட்டதென்று நான் கூறமாட்டேன். இயந்திரத் தாளம் இராகத்தை மூச்சுவிட விடுவதில்லை. ஆயினும் பைரவ் இராகத்தைக் கேட்பவர் அதனை வெறும் விளையாட்டென ஒதுக்கார்.

அன்று அத்தட்டைச் சீந்துவாரில்லை. 1987 இல் சிக்காகோவின் ஃபியூச்சர் குழுவினர் அதே டி.பி. 303 இன் குமிழ்களைத் திருகி ‘அசிட் டிராக்ஸ்’ வெளியிட்டபோது, மேல்நாட்டார் அதனைப் புதுமை என்று கொண்டாடினர். பம்பாய்த் தட்டு 2010 இல் மறுபதிப்பாயிற்று. அதன்பின் முதிய வயதில் ஐரோப்பிய மேடைகளேறி வாசித்த சரண்ஜித் சிங், 2015 இல் காலமானார்.