செய்தியாளர் – சொல்லும் பொறுப்பும்

(திருத்தங்கலில் ஆற்றிய உரை)



நாளிதழுக்குச் செய்தி திரட்டித் தருவாரை 'நிருபர்' என்றே நம்மவர் நெடுங்காலம் அழைத்து வந்தனர். இன்றும் பலர் அழைக்கின்றனர். 'நிருபம்' வடசொல். மடல், ஆணையோலை என்று பொருள்படுவது. கிறித்தவத் திருமறையின் பழைய பெயர்ப்பில் பவுலடியாரின் மடல்கள் 'நிருபம்' எனப்பெற்றமை நீங்கள் அறிந்ததே. எனவே, நிருபர் என்பார் மடல் விடுப்பார், அவ்வளவே. மடலில் உள்ளது மெய்யா, பொய்யா என்னும் கவலை அச்சொல்லுக்கு இல்லை.

'செய்தியாளர்' என்பதோ அத்தகையதன்று. 'உய்' என்பதினின்று 'உய்தி' பிறந்தாற்போல், 'செய்' என்பதினின்று 'செய்தி' பிறந்தது. கருப்பொருள்களை எண்ணுமிடத்துத் தொல்காப்பியர் 'செய்தி' என்பதைத் தொழில் என்னும் பொருளிலேயே ஆள்கின்றார். செயலைக் குறித்த சொல், பின்னர்ச் செயலைப் பற்றிய உரையையும் குறிக்கலாயிற்று. செய்யப்பட்டதே செய்தி, செய்யப்படாததைச் சொல்வது புனைவு. அச்செய்தியை ஆள்பவர், அதற்குப் பொறுப்பேற்பவர், செய்தியாளர்!

அப்பொறுப்புத் தவறின் என்னாகும் என்பதற்கு இவ்வூரே சான்று. சிலப்பதிகாரக் கட்டுரை காதையில் வரும் தங்கால், நம் திருத்தங்கலே. இவ்வூர் வார்த்திகனின் மகன் தக்கிணன், பராசரன் என்பானிடம் அணிகலன்களைப் பரிசாகப் பெற்றான். அது பொறாத அரசனின் ஏவலர், புதையல் கவர்ந்தவன் என்று வார்த்திகனைப் பிடித்துச் சிறையிட்டனர். அவன் மனைவி கார்த்திகை அழுது புலம்பினாள். கொற்றவை கோயிற்கதவு திறவாது நின்றது. பாண்டியன் உசாவினான், உண்மை அறிந்தான், வார்த்திகனை விடுவித்துத் தங்காலையும் வயலூரையும் வழங்கினான். அதே காப்பியத்தில், உசாவாத பாண்டியனால் கோவலன் உயிரிழந்தான். உசாவலுக்கும் உசாவாமைக்கும் இடைப்பட்டது ஓருயிர்!

ஓர் ஒற்றன் கொணர்ந்ததை மற்றோர் ஒற்றனால் ஒத்துப் பார்க்க வேண்டும் என்பது வள்ளுவர் வகுத்த நெறி. ஒற்றன் மன்னனுக்கு உரைத்தான்; செய்தியாளன் மக்களுக்கு உரைக்கின்றான். கேட்போர் பலராகிய இக்காலத்தில் அந்நெறி இன்னும் இன்றியமையாதது.

நம் வெடித்தொழில் வட்டாரத்தையே எண்ணுங்கள். 2012-இல் முதலிப்பட்டியில் நேர்ந்த தீயில் முப்பதின்மருக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இத்தகைய கொடுமைகளில் மாண்டோர் தொகையை மட்டும் எழுதி விடுப்பது வெறும் மடல். எவ்வறையில் எத்தனை பேர் இருத்தப்பட்டனர், மருந்து எவ்வளவு குவிக்கப்பட்டது, கண்டும் காணாதிருந்தவர் யாவர் என உசாவி எழுதுவதே செய்தி. ஏனெனில், அவையே செய்யப்பட்டவை.

ஆகவே, நண்பர்களே, 'நிருபர்' என்பதை நாவினின்றும் எழுத்தினின்றும் நீக்குங்கள். 'செய்தியாளர்' என்றே அழையுங்கள். அழைத்தபின், அச்சொல்லுக்குரிய பொறுப்பையும் அவரிடம் கேளுங்கள்!

வாழ்க தமிழ்! வெல்க தமிழினம்!